நோநோ துரையைத் தூங்க விடாதே!

பாம்பு எந்தப் பக்கம் போனது என்று யாரும் பார்க்கவில்லை. துரை பொத்தென்று உட்கார்ந்ததைத்தான் பார்த்தார்கள்.

சுகிர்தம் கஞ்சிக் கலயத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வரப்பு வழியாக வந்துகொண்டிருந்தாள். அப்பா பங்கிராஸ் போட்ட சத்தம் அவள் காதில் விழுந்தது.

"ஏலே ஒச்சாண்டி! ஓடியாடா! தொரையப் பாம்பு கடிச்சிருச்சு!"

கலயம் நழுவியது. கஞ்சி வரப்பில் ஓடியது. சுகிர்தமும் ஓடினாள்.

வாய்க்கால் சேற்றில் இறங்குவதற்காகத் துரை பூட்ஸைக் கழற்றி வைத்திருந்தார். வலது கணுக்காலுக்கு மேலே பொட்டு வைத்தாற்போல இரண்டு சிவந்த புள்ளிகள். பங்கிராஸ் தன் தலைத்துண்டை அவிழ்த்து, அதற்கு மேலே கட்டிக்கொண்டிருந்தார்.

துரை காலைப் பார்க்கவே இல்லை. அளவுக்காக எதிரே நட்டிருந்த முளைக்குச்சியைப் பார்த்தார்.

"நோ, நோ. அந்த முளை ஓர் அங்குலம் இடது பக்கம் தள்ளியிருக்கிறது" என்றார் ஆங்கிலத்தில்.

அதுதான் வில்மட் துரை!

மலைக்கு மேலே பெரிய அணை எழும்பிக்கொண்டிருந்த காலம் அது. மேற்கே ஓடிக் கடலில் விழுந்த ஆற்றுத் தண்ணீர், இனிமேல் கம்பம் பள்ளத்தாக்குக்கு வரப்போகிறது என்று ஊர் ஊராகப் பேச்சு. தண்ணீர் வந்தால் எந்த வழியாகப் போகும்? மேடு எது, பள்ளம் எது? அதை அளக்கத்தான் வில்மட் துரை பண்ணைப்புரத்தில் கூடாரம் போட்டிருந்தார். அவருக்கு அளவுச் சங்கிலி பிடிக்கிற வேலை பங்கிராஸுக்கும் ஒச்சாண்டிக்கும்.

சங்கிலி கொஞ்சம் தொய்ந்தால் "நோ, நோ!" முளை ஒரு விரல் தள்ளினால் "நோ, நோ!" உடனே எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு முதலிலிருந்து அளக்க வேண்டும். அதனால் ஊர் அவருக்கு நோநோ துரை என்று பெயர் வைத்திருந்தது.

அந்த நோநோ துரையைத்தான் இப்போது கயிற்றுக் கட்டிலில் போட்டுப் புளியமரத்தடிக்குத் தூக்கி வந்தார்கள். குதிரைக்காரன் மலையடிவார முகாமில் இருந்த வெள்ளைக்கார டாக்டரைக் கூட்டிவரப் பறந்தான். இந்தக் காலமாக இருந்தால் ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருப்பார்கள். அன்றைக்கு அந்தப் பக்கத்தில் ஆஸ்பத்திரி ஏது? குதிரை போய்த் திரும்புவதற்குள் சாயங்காலம் ஆகிவிடும்.

வைத்தியர் செல்லப்பாண்டி வந்தார். பச்சிலைச் சாற்றைத் துரையின் வாயில் ஊற்றினார். கண் இமையை விரலால் தூக்கிப் பார்த்தார். அவர் முகம் இறுகியது.

"நல்ல பாம்புதான். கண்ணு சொக்க ஆரம்பிச்சிருச்சு" என்றார். "பொழுது மலைக்கு அந்தப் பக்கம் எறங்குற வரைக்கும் இவுக கண்ணு மூடக் கூடாது. தூங்கிட்டாகன்னா, அப்புறம் நம்மளால எழுப்ப முடியாது."

சுகிர்தம் மேற்கே பார்த்தாள். சூரியன் தலைக்கு நேரே நின்றது. மலை எங்கோ தூரத்தில் இருந்தது.

பாம்பு கடித்தவனைத் தூங்கவிடாமல் வைத்திருக்க, அந்த ஊரில் ஒரு வழக்கம் இருந்தது. அவனுடைய மாமன் மச்சான்கள் வந்து சுற்றி உட்கார்ந்துகொள்வார்கள். ஆறுதல் சொல்ல அல்ல, வம்புக்கு இழுக்க! பழைய சண்டையைக் கிளறுவார்கள். மறந்துபோன அவமானத்தை நினைவுபடுத்துவார்கள். கோபம் வந்தவனுக்குத் தூக்கம் வருமா?

போன ஆடியில் கருத்தக்கண்ணனைக் கடித்தபோது, "ஒன் கல்யாணத்துல போட்ட சோறு வேகவே இல்லடா" என்று அவன் மச்சான் ஆரம்பித்தான். சாகக் கிடந்த கருத்தக்கண்ணன், கட்டிலை விட்டு எழுந்து மச்சானை அடிக்கப் போனான். பிழைத்தும்விட்டான்.

ஆனால் இந்தத் துரைக்கு இங்கே மச்சான் ஏது?

"நான் இருக்கேன்" என்று ஒச்சாண்டி முன்னால் வந்தார். வாய்த்துடுக்கில் அவரை ஜெயிக்க அந்தப் பள்ளத்தாக்கிலேயே ஆள் கிடையாது. கட்டில் ஓரமாகக் குந்தினார்.

"யோவ் தொரை மச்சான்! ஒங்க ஊருல பொண்ணு குடுக்க மாட்டேன்னுட்டாக, அதான இங்கன வந்து சங்கிலியப் பிடிச்சுக்கிட்டுத் திரியுற? உப்புல ஊறப்போட்ட மாங்கா மாதிரி மூஞ்சிய வச்சுக்கிட்டு..."

கூட்டத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். துரையும் மரியாதையாகப் புன்னகை செய்தார். ஒரு சொல்கூட அவருக்குப் புரியவில்லை. புன்னகை செய்தபடியே கண்ணை மூடினார்.

"தொரை! தொரை!" பங்கிராஸ் அவர் தோளைப் பிடித்து உலுக்கினார்.

கண் மெல்லத் திறந்தது. மறுபடி சொருகியது.

ஒருவர் தவுலைக் கொண்டுவந்து காதருகே அடித்தார். முதல் அடிக்குத் துரை திடுக்கிட்டார். பிறகு அந்தச் சத்தமும் பழகிப்போய், தாலாட்டு கேட்பவர் போலத் தலை சாய்ந்தது.

"வைய முடியுது. ஆனா வசவு உள்ள போவல" என்றார் ஒச்சாண்டி, நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு. அவர் குரலில் இப்போது விளையாட்டு இல்லை. "எதச் சொன்னா ஒருத்தனுக்குப் பொறுக்காதுன்னு சொந்தக்காரனுக்குத்தான் தெரியும். நமக்கு என்ன தெரியும்?"

பங்கிராஸ் மகளைத் திரும்பிப் பார்த்தார்.

"சுகிர்தம், ஒனக்கு இங்கிலீசு வருமே. ஏதாச்சும் பேசு ஆத்தா!"

சுகிர்தம் தயங்கினாள். அதற்குக் காரணம் இருந்தது.

அவள் மதுரையில் கன்னியர் பள்ளியில் தங்கிப் படிக்கிறவள். கோடை விடுமுறைக்கு ஊருக்கு வந்திருந்தாள். ஆங்கில மரபுத்தொடர்களை ஒப்பிப்பதில் வகுப்பிலேயே அவள்தான் முதல். மடமடவென்று மழை போல ஒப்பிப்பாள். எந்தத் தொடரை எந்த இடத்தில் வைக்க வேண்டும் என்பதை மட்டும் அவள் இன்னும் பழகவில்லை.

போன வாரம் நாலு தூறல் விழுந்தது. தன் ஆங்கிலத்தைக் காட்ட இதுதான் சமயம் என்று நினைத்துத் துரையிடம் போனாள்.

"சார், பூனையும் நாயுமாக மழை கொட்டுகிறது!"

துரை அளவை அப்படியே நிறுத்திவிட்டார்.

"நோ, நோ! கூரை பிய்த்துக்கொண்டு போகிற மழைக்குத்தான் அப்படிச் சொல்ல வேண்டும். இது வெறும் தூறல்!"

அவர் விளக்கி முடிக்கிற வரைக்கும் அப்பாவும் ஒச்சாண்டியும் சங்கிலியை இழுத்துப் பிடித்தபடி நின்றார்கள். விஷயம் தெரிந்த பிறகு ஒச்சாண்டி, "எங்கடி பூனை, எங்கடி நாயி?" என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தார். சுகிர்தத்துக்கு அழுகையே வந்துவிட்டது. இனிமேல் இந்தத் துரையிடம் ஆங்கிலத்தில் வாயைத் திறப்பதில்லை என்று மாதா படத்துக்கு முன்னால் சத்தியம் செய்திருந்தாள்.

இப்போது அந்த மாதாவிடமே மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுவிட்டுக் கட்டில் பக்கம் போனாள்.

"சார், எப்படி இருக்கிறீர்கள்?"

"நலம்... நன்றி."

"உங்கள் அம்மா நலமா?"

"நலம்."

"உங்கள் வீட்டில் பசு இருக்கிறதா?"

பதில் வரவில்லை. தெரிந்த கேள்விகளும் தீர்ந்துபோயின. துரையின் வாய் லேசாகத் திறந்துகொண்டது. இமை இறங்கியது.

எதைச் சொன்னால் இவருக்குப் பொறுக்காது?

சுகிர்தத்துக்குப் பளிச்சென்று உறைத்தது. அவள் நிமிர்ந்து பார்த்தாள். வானத்தில் ஒரு பொட்டு மேகம்கூட இல்லை. வெயில் கொளுத்தியது.

துரையின் காதருகே குனிந்து உரக்கச் சொன்னாள்: "சார்! பூனையும் நாயுமாக மழை கொட்டுகிறது!"

ஒரு கண் திறந்தது.

"நோ, நோ..." என்றார் துரை. "மறுபடியுமா? மேகமே இல்லையே, பெண்ணே!"

கூட்டத்துக்கு உயிர் வந்தது. "இன்னும் சொல்லு! இன்னும் சொல்லு!" என்றார் வைத்தியர்.

சுகிர்தம் ஒச்சாண்டியைக் கைகாட்டினாள். "சார், இவர் மிகவும் கெட்டிக்காரர். எப்போதும் குதிரைக்கு முன்னால்தான் வண்டியைப் பூட்டுவார்!"

இரண்டு கண்ணும் திறந்துகொண்டன. "நோ! அது பாராட்டு இல்லை. முதலில் செய்ய வேண்டியதைக் கடைசியிலும், கடைசியில் செய்ய வேண்டியதை முதலிலும் செய்கிறவனைத்தான் அப்படிச் சொல்வது."

"என்னையப் பத்தி என்னமோ பேசுறாகளே?" என்றார் ஒச்சாண்டி.

"ஒங்களப் புகழ்ந்தேன் மாமா. தொரை ஒத்துக்கிட மாட்டேங்கிறாக."

கட்டிலின் கால்மாட்டில் அம்மா செலின் நின்றுகொண்டிருந்தாள். யாரோ பெற்ற பிள்ளை தன் ஊர் மண்ணில் இப்படிக் கிடக்கிறதே என்று அவளுக்குக் கண்ணீர் நிற்கவில்லை.

"சார், என் அம்மாவைப் பாருங்கள். உங்களுக்காக முதலைக் கண்ணீர் வடிக்கிறாள்."

துரை முழங்கையை ஊன்றி எழுந்திருக்கவே பார்த்தார். "நோ, நோ, நோ! அது பொய் அழுகை. உன் தாயைப் போய் அப்படிச் சொல்லாதே! இது உண்மையான கண்ணீர்."

"என்னடி சொன்ன?" என்று செலின் மூக்கை உறிஞ்சினாள்.

"நீ அழுகுறதச் சொன்னேம்மா."

அப்படியே நேரம் நகர்ந்தது. நிழல் கிழக்கே நீண்டது. சோம்பேறியாகப் படுத்திருந்த நாயைக் காட்டி, வெயில் இருக்கும்போதே வைக்கோல் காயவைக்கிறது என்றாள். எதிரும் புதிருமாக முறைத்துக்கொண்டு நின்ற இரண்டு சேவல்களைக் காட்டி, கோடரியைப் புதைத்துவிட்டன என்றாள். ஒவ்வொன்றுக்கும் துரை திருத்தம் சொன்னார். காய்கிற நேரத்தில் வேலையை முடித்துக்கொள்கிறவனுக்குத்தான் வைக்கோல். பகையை விட்டுச் சமாதானம் ஆனவர்களுக்குத்தான் கோடரி. குரல் மட்டும் வரவரத் தடித்தது. ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவே இடைவெளி கூடியது.

அத்தனை பேருக்கு முன்னால் தப்புத் தப்பாகப் பேசுவதில் சுகிர்தத்துக்கு இப்போது வெட்கமே இல்லை. பயம்தான் இருந்தது. அவள் வாய் உலர்ந்தது. துரையின் வெளுத்த முகத்தைப் பார்க்கப் பார்க்கப் பாவமாக இருந்தது. எந்த ஊர்! எங்கே பிறந்து எங்கே வந்து கிடக்கிறார்!

யோசிக்காமல் சொல்லிவிட்டாள்: "சார், நீங்கள் தண்ணீரை விட்டு வெளியே வந்த மீன் மாதிரி இருக்கிறீர்கள்."

துரை அவளைப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது.

"சரி" என்றார். "மிகச் சரி. பழக்கமில்லாத இடத்தில் தவிக்கிறவனுக்குத்தான் அது. நல்ல பெண்."

நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொண்டார்.

ஐயையோ! சரியாகச் சொல்லிவிட்டாளே!

"சார்! பூனை! நாய்! மழை!" என்று கத்தினாள். பதில் இல்லை. "வண்டி! குதிரை!" அதற்கும் பதில் இல்லை. பங்கிராஸ் துரையின் முகத்தில் தண்ணீர் அடித்தார். வைத்தியர் கன்னத்தில் தட்டினார். ஒச்சாண்டி எழுந்து சற்றுத் தள்ளிப்போய், முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

சுகிர்தத்துக்குத் தெரிந்ததில் ஒன்றே ஒன்றுதான் மிச்சமிருந்தது. அதைச் சொல்லவே அவளுக்கு நாக்கு கூசியது.

"சார்! நீங்கள் வாளியை உதைக்கப் போகிறீர்களா?"

கொஞ்ச நேரம் எதுவும் நடக்கவில்லை. பிறகு, ரொம்பக் கனமான கதவைத் தள்ளுகிறவர் போல, துரை கண்ணைத் திறந்தார்.

"அது..." என்றார் மெதுவாக. "செத்துப்போவதைச் சொல்வது. அர்த்தம் சரிதான். ஆனால் இடம் தப்பு. நோயாளியின் முகத்துக்கு நேரே அதைச் சொல்லவே கூடாது. சிரித்துக்கொண்டு பேசுகிற பேச்சு அது. நாம் யாருக்காக அழுவோமோ, அவர்களுக்கு அதைச் சொல்ல மாட்டோம்."

"எங்கள் ஊரிலும் மண்டையைப் போட்டான் என்று ஒன்று இருக்கிறது, சார். வேண்டியவர்களுக்குச் சொல்ல மாட்டோம்."

"ஆமாம். வேண்டியவர்களுக்கு நேரான சொல்தான் சொல்ல வேண்டும்."

"அந்தச் சொல்லை நான் சொல்லவே மாட்டேன்" என்றாள் சுகிர்தம். அவள் கன்னத்தில் கண்ணீர் வழிந்தது.

துரை அதைப் பார்த்தார். சுற்றி நின்றவர்களைப் பார்த்தார். தவுலைப் பார்த்தார். தண்ணீர் சொட்டும் தன் சட்டையைப் பார்த்தார். அவருக்கு ஏதோ விளங்கியது போலிருந்தது.

"நீ வேண்டுமென்றேதான் தப்பாகச் சொல்கிறாயா?"

சுகிர்தம் தலையாட்டினாள்.

துரை பல்லைக் கடித்துக்கொண்டார். கட்டில் சட்டத்தை இரண்டு கையாலும் இறுகப் பற்றினார்.

"அடுத்த தப்பைச் சொல்" என்றார்.

சொன்னாள். ஏற்கெனவே சொன்னவற்றையே வேறு வேறு விதமாகத் தலைகீழாக்கிச் சொன்னாள். செலினுக்குப் பதிலாகப் புளியமரம் முதலைக் கண்ணீர் வடித்தது. செல்லப்பாண்டி வைத்தியர் கோடரியைப் புதைத்துவிட்டு அதன் மேலே வைக்கோல் காயவைத்தார். ஒவ்வொரு தடவையும் அந்த உதடுகள் அசைந்தன. "நோ... நோ." முன்பெல்லாம் ஊரே வெறுத்த அந்தச் சொல் எப்போது வரும் என்று இப்போது ஊரே காத்துக்கொண்டு நின்றது.

கடைசியில் வெயில் மஞ்சளாகியது. சூரியன் மேற்கு மலையைத் தொட்டு, பாதியாகி, விளிம்பாகி நின்றது.

"சார், சூரியன் மறைகிறது! நீல நிலாவுக்கு ஒரு தடவைதான் இப்படி மறையும்!"

பதில் வரவில்லை.

"சார்?"

உதடு அசையவில்லை. கட்டில் சட்டத்தைப் பிடித்திருந்த கை தளர்ந்து கீழே தொங்கியது.

வைத்தியர் குனிந்தார். மூக்கருகே புறங்கையை வைத்தார். மணிக்கட்டைப் பிடித்தார். மார்பில் காதை வைத்து வெகுநேரம் கேட்டார். பிறகு மலையைத் திரும்பிப் பார்த்தார். சூரியன் போயிருந்தது.

"நாடி நிதானமா ஓடுது. இனிமே தூங்கட்டும்" என்றார்.

"எந்திரிப்பாகளா?" என்று கேட்டாள் சுகிர்தம்.

"என் வேல முடிஞ்சுச்சு ஆத்தா. மிச்சத்த மேல இருக்கிறவன்கிட்டக் கேளு."

விளக்கேற்றுகிற நேரத்துக்கு டாக்டர் குதிரையில் வந்து சேர்ந்தார். துரையைக் கூடாரத்துக்குக் கொண்டுபோனார்கள். பாம்பு முழு விஷத்தையும் இறக்கியிருக்காது போலிருக்கிறது, ஆனாலும் விடிந்த பிறகுதான் எதையும் சொல்ல முடியும் என்றார் டாக்டர்.

விடிந்தது. சுகிர்தம் கஞ்சிக் கலயத்தை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். கூடாரத்தை நெருங்கியதும் நடையைக் குறைத்தாள். வாசலில் அப்பாவும் ஒச்சாண்டியும் உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே போகச் சொல்லி அப்பா தலையை அசைத்தார்.

உள்ளே துரை கண்ணை மூடிக் கிடந்தார். கால் தலையணை போல வீங்கியிருந்தது. உதடு வெடித்திருந்தது. சுகிர்தம் கலயத்தைக் கீழே வைத்தாள். சத்தம் கேட்டு அவர் தலை திரும்பியது. கண் திறந்தது. யாரென்று தெரியாதவர் போல அவளையே பார்த்தார்.

பிறகு போர்வைக்குள்ளிருந்து ஒரு விரல் மெல்ல எழுந்தது.

"நோ, நோ" என்றார் துரை, காய்ந்த குரலில். "சூரியன் தினமும்தான் மறைகிறது. நீல நிலா என்பது எப்போதாவது, அபூர்வமாக நடப்பதற்கு."

"தொரை என்ன சொல்றாக?" என்று வெளியிலிருந்து ஒச்சாண்டியின் குரல் கேட்டது.

சுகிர்தம் தாவணி முனையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"நான் சொன்னது தப்பாம், மாமா!" என்று ஊருக்கே கேட்கிற மாதிரி கத்தினாள்.